தேதி போட்டாயிற்று, காற்றை அளந்தது யார்?

சேலத்திலிருந்து ஏற்காட்டுக்குப் பேருந்தில் ஏறும் குழந்தைகளுக்கு ஒரு வேடிக்கை தெரியும். அடிவாரத்தில் வாங்கிய சிப்ஸ் பாக்கெட், இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் தாண்டி ஏரிக்கரையில் இறங்கும்போது குட்டித் தலையணை மாதிரி உப்பியிருக்கும். சேலம் நகரம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 280 மீட்டர் உயரத்தில் இருக்கிறது; ஏற்காடு சுமார் 1,500 மீட்டரில். மேலே காற்றழுத்தம் குறைவு, உள்ளே அடைபட்டது விரிகிறது, அவ்வளவுதான். இதற்கு ஒரு மறுபாதி உண்டு. அதை யாரும் கவனிப்பதில்லை. ஏற்காட்டில் அடைத்து ஒட்டிய காபித்தூள் பொட்டலம் கீழே இறங்க இறங்க ஒடுங்குகிறது. சென்னைக்குப் போய்ச் சேர்வதற்குள் அதன் உள்ளே இருக்கும் வாயு ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு சுருங்கிவிடும். வெளிக்காற்று நாலாபக்கமும் அழுத்தும். ஒட்டிய விளிம்பில் ஒரு சிட்டிகைத் தூள் சிக்கியிருந்தால் போதும், அந்தச் சந்து வழியாகச் சமவெளிக் காற்று உள்ளே போய் உட்கார்ந்துகொள்ளும்.

அந்தப் பொட்டலத்தின் முதுகில் எல்லாம் இருக்கிறது. விலை, எடை, உணவுப் பாதுகாப்பு உரிம எண், பச்சைப் புள்ளி, சிக்கரி எத்தனை சதவீதம் என்ற கணக்கு, தயாரித்த தேதி, காலாவதித் தேதி. சிலர் ஆறு மாதம் போடுகிறார்கள், சிலர் ஓராண்டு. அந்த ஆறு மாதமும் ஓராண்டும் எங்கிருந்து வந்தன என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் பக்கத்துக் கடைக்காரரின் பொட்டலத்திலிருந்து வந்திருக்கும். அவருக்கு அது எங்கிருந்து வந்தது என்று கேட்டால், பெரிய கம்பெனியின் பாக்கெட்டைக் காட்டுவார். பெரிய கம்பெனி எந்தப் படலத்தில் அடைக்கிறது, அடைக்கும்போது உள்ளே எதை நிரப்புகிறது, கடைசியாக எதை அளந்து பார்க்கிறது என்பது மட்டும் இந்தச் சங்கிலியில் வந்து சேராது. தேதி மட்டும் நகல் எடுக்கப்பட்டு மலையேறி வந்திருக்கிறது.

காபியை மலையில் விளைவிப்பவரே பொட்டலமும் போடுவது அண்மைக் காலத்துப் பழக்கம். சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் 1820களில் இந்த மலைக்குக் காபியைக் கொண்டுவந்ததிலிருந்து ஒன்றரை நூற்றாண்டுக்கு மேல் தோட்டக்காரருக்குப் பொட்டலக் கவலையே இருந்ததில்லை. பறிப்பார், பல்ப்பர் இயந்திரத்தில் தோல் நீக்குவார், களத்தில் காய வைப்பார், மூட்டை கட்டி அனுப்புவார். 1942ஆம் ஆண்டுக் காபிச் சட்டத்தின்கீழ் விளைச்சலைக் காபி வாரியத்திடமே ஒப்படைக்க வேண்டியிருந்தது. 1990களில் அந்தப் பிடி கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்ந்து 1996இல் முழுதாக விலகியது. அதன் பிறகுதான் தோட்டத்தின் பெயரே பையின் நெற்றியில் ஏறியது. 2025 பிப்ரவரியில் நியூயார்க் சந்தையில் அராபிகா ஒரு பவுண்டு 4 டாலரைத் தாண்டி அதுவரை காணாத உச்சத்தைத் தொட்டபோது, கொட்டையாக விற்பதைவிட வறுத்து அரைத்து நம் பெயரில் விற்றால் என்ன என்ற ஆசை இன்னும் பல தோட்டங்களில் துளிர்த்தது. நியாயமான ஆசை. ஆனால் வறுத்த காபி, மூட்டையில் கிடக்கும் பச்சைக் கொட்டை மாதிரி பொறுமைசாலி அல்ல. பதமாகக் காய்ந்த பச்சைக் கொட்டை மாதக்கணக்கில் கிடக்கும். வறுத்து அரைத்த தூளுக்கு ஆக்சிஜனோடு நாள்கணக்கில் சண்டை.

அந்தச் சண்டையில் முதலில் சாவது மணம். காபிக்கு அந்த முதல் மூச்சு வாசனையைத் தரும் கந்தகச் சேர்மங்கள் மிக நுண்ணிய அளவில்தான் தூளில் இருக்கின்றன; ஆக்சிஜன் பட்டதும் அவைதான் முதலில் போகும். அதற்குப் பின்னால் கொழுப்பு காறத் தொடங்கும். 2001இல் கார்டெல்லி, லபூசா என்ற இரு ஆய்வாளர்கள் வறுத்து அரைத்த காபியை வைத்துச் செய்த கணக்கு ஒன்று எல்லாக் காபி வறுப்போர் சுவரிலும் ஒட்டியிருக்க வேண்டியது. பொட்டலத்துக்குள் இருக்கும் ஆக்சிஜனின் அழுத்தம் 0.1 கிலோபாஸ்கலிலிருந்து 1.1 கிலோபாஸ்கலுக்கு உயர்ந்தால் காபி கெடும் வேகம் ஏறத்தாழ 20 மடங்காகிறது. சாதாரணக் காற்றில் ஆக்சிஜனின் அழுத்தம் 21 கிலோபாஸ்கல். நைட்ரஜன் ஊதாமல், வெறுங்கையால் தூளைக் கொட்டி ஒட்டும் பொட்டலத்துக்குள் தொடக்கத்திலேயே இருப்பது கிட்டத்தட்ட அந்தக் காற்றுதான்.

பிளாஸ்டிக்கில் ஓட்டை இல்லையே, காற்று எப்படிப் போகும் என்று கேட்பவர்கள் உண்டு. திருவிழாவில் வாங்கிய பலூன் விடிவதற்குள் சுருங்கித் தொங்குவதைப் பார்த்தவர்களுக்கு விடை தெரியும். பிலடெல்பியா மருத்துவர் ஜான் மிட்செல் 1831இல் இதைத்தான் பார்த்தார். ரப்பர் பலூனில் அடைத்த வாயுக்கள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு வேகத்தில் வெளியேறின. 1866இல் தாமஸ் கிரகாம் அதற்குக் காரணம் சொன்னார். வாயு துளை வழியாகப் போவதில்லை. ரப்பரின் ஒரு பக்கத்தில் கரைகிறது, உள்ளே நகர்ந்து மறுபக்கத்தில் வெளிவருகிறது. சர்க்கரை தண்ணீரில் கரைவது போல ஆக்சிஜன் பிளாஸ்டிக்கில் கரைகிறது என்று வைத்துக்கொள்ளலாம். எந்தப் பிளாஸ்டிக், எவ்வளவு தடிமன், எத்தனை டிகிரி வெப்பம் என்பதைப் பொறுத்து அளவு மாறும். கண்ணுக்கு எல்லாப் படலமும் ஒன்றுபோலத்தான் பளபளக்கும்.

கணக்கைக் கொஞ்சம் போட்டே பார்த்துவிடுவோம். 200 கிராம் தூள் கொள்ளும் பை, 15 செ.மீ. அகலம், 22 செ.மீ. உயரம், இரு பக்கமும் சேர்த்தால் 0.066 சதுர மீட்டர். 50 மைக்ரான் சாதாரணப் பாலித்தீன் பையாக இருந்தால், ஒரு பக்கம் தூய ஆக்சிஜன் நிற்கும்போது ஒரு சதுர மீட்டர் வழியாக நாளொன்றுக்கு 4,000 கன செ.மீ. அளவில் கடந்து போகும். காற்றில் ஐந்தில் ஒரு பங்குதான் ஆக்சிஜன் என்பதால் அதை ஐந்தால் வகுத்து, பையின் பரப்பால் பெருக்கினால் ஒரு நாளைக்குச் சுமார் 50 கன செ.மீ. மூன்று நாளில் உள்ளுக்கும் வெளிக்கும் பெரிய வித்தியாசம் இருக்காது. பாலித்தீனோடு 12 மைக்ரான் பாலியெஸ்டர் படலத்தைச் சேர்த்து ஒட்டிய பையானால் நாளொன்றுக்கு ஒன்றரை கன செ.மீ.; ஒரு மாதத்தில் அதுவும் 50ஐ நெருங்கிவிடுகிறது. அலுமினியப் பூச்சு ஏற்றிய பாலியெஸ்டரானால் ஆறு மாதத்துக்கே இரண்டு மூன்று கன செ.மீ.தான். முழு அலுமினியத் தாள் இருந்தால், அது மடங்கி நுண்துளை விழாதவரை, அளவுகூடச் சொல்ல முடியாத சொற்பம். ஒரே கடை அலமாரியில், ஒரே நிறத்தில், ஒரே காலாவதித் தேதியோடு நிற்கும் மூன்று பைகளுக்குள் ஆயிரக்கணக்கான மடங்கு வித்தியாசம் ஒளிந்திருக்க முடியும். இதைக் கையால் தடவிச் சொல்லிவிட முடியாது. தராசில் வைத்தும் சொல்ல முடியாது.

அதற்கென்று ஒரு கருவி இருக்கிறது. படலத்தை ஒரு வட்டமாக வெட்டி இரண்டு அறைகளுக்கு நடுவே இறுக்கி வைப்பார்கள். ஒரு அறையில் ஆக்சிஜன் ஓடும், மறு அறையில் நைட்ரஜன். படலத்தைக் கடந்து வரும் ஆக்சிஜனை நைட்ரஜன் அள்ளிக்கொண்டு போய் ஓர் உணரியிடம் சேர்க்கும். அங்கே ஒவ்வொரு ஆக்சிஜன் மூலக்கூறும் நான்கு எலக்ட்ரான்களைக் கணக்கில் ஏற்றும். அந்த மின்னோட்டத்தை எண்ணினால் ஆக்சிஜனை எண்ணியதாகும். ஏஎஸ்டிஎம் டி3985 என்ற செய்முறை இதைத்தான் சொல்கிறது. படலம் நிதானத்துக்கு வந்து எண் நிலைக்க மணிக்கணக்கில், சில சமயம் நாள்கணக்கில் காத்திருக்க வேண்டும். வெறும் படலத்துக்குப் பதிலாக ஒட்டி முடித்த முழுப் பையையே அளக்க எஃப்1307 என்று தனிச் செய்முறை உண்டு. ஈரக் காற்றில் அளக்க எஃப்1927. இவை பழைய, தேர்ந்த முறைகள். நம்முடைய சிக்கல், படல உருளையை விற்பவர் கொடுக்கும் தாளில் இந்த எண் பல நேரம் இல்லாமலே இருப்பதும், இருந்தாலும் 23 டிகிரியில், உலர்ந்த காற்றில், மடிக்காத தட்டைத் தாளில் எடுத்த எண்ணாக இருப்பதும்தான்.

மடிக்காத தட்டைத் தாளாக எந்தப் பொட்டலம் மலையிறங்கியிருக்கிறது? இருபது வளைவிலும் பெட்டிக்குள் உரசி, ஒன்றன்மேல் ஒன்று ஏறி நசுங்கி, சேலத்து மே மாத வெயிலில் நிறுத்திய வேனுக்குள் வேகும் பை அது. பல பிளாஸ்டிக்குகளில் வெப்பம் 10 டிகிரி ஏறினால் ஆக்சிஜன் கடக்கும் வேகம் ஏறத்தாழ இரட்டிக்கும். இன்னொரு பக்கம் ஏற்காட்டுப் பனி. நைலானும் ஈவிஓஎச் என்ற தடுப்புப் பிளாஸ்டிக்கும் உலர்ந்திருக்கும்போது கோட்டைச் சுவர் மாதிரி நிற்கும். ஈரம் ஏறினால் இளகிவிடும். மழைக்காலத்தில் துணி காயாத ஊரில், உலர்காற்றில் எடுத்த எண்ணை நம்பித் தேதி போடுவது எப்படிச் சரியாகும்?

உயரத்துக்கும் ஒரு பங்கு உண்டு. கருவியில் தூய ஆக்சிஜனுக்குப் பதிலாகச் சாதாரணக் காற்றையே எதிரே வைத்து அளந்தால், 1,500 மீட்டரில் கிடைக்கும் எண் கடலோரத்தில் கிடைப்பதைவிட ஆறில் ஒரு பங்கு குறைந்து வரும். மேலே காற்று மெலிதாக இருப்பதால் படலம் நல்ல படலமாகத் தோற்றமளிக்கும். காற்றழுத்தத்தைக் கணக்கில் எடுத்துத் திருத்தாமல் அந்த எண்ணை அப்படியே சென்னைக்கு அனுப்பினால், அளந்ததும் வீண்தான். நாளைக்கு யாராவது ஆர்வத்தோடு ஏற்காட்டிலேயே ஒரு கருவியை நிறுவினால், முதல் நாளே இந்தத் தவறு நடக்கும் என்று பந்தயம் கட்டலாம்.

இத்தனை நடந்தும் புகார் ஏன் வரவில்லை? அதற்குச் சிக்கரியிடம்தான் கேட்க வேண்டும். காபி-சிக்கரிக் கலவையில் 49 சதவீதம் வரை சிக்கரி இருக்கச் சட்டம் அனுமதிக்கிறது. மணம் போன காபியும் சிக்கரியின் கருமையிலும் கெட்டித்தன்மையிலும் ஒளிந்துகொள்ளும். பாலும் சர்க்கரையும் மிச்சத்தை மூடிவிடும். டிகாஷன் இறங்குகிறது, நிறம் வருகிறது, குடித்தாயிற்று. "போன தடவை வாங்கினது நல்லா இருந்துச்சு, இது என்னமோ சுமார்" என்று ஒரு வரியோடு வீட்டுக்காரர் அடுத்த மாதம் வேறு பெயர் வாங்கிக்கொள்கிறார். புகார் எழுதுவதில்லை. மலையின் பெயர்தான் ஒரு வீட்டிலிருந்து சத்தமில்லாமல் வெளியேறுகிறது. காபி வாரியம் பட்டியலிடும் 13 வட்டாரக் காபிகளில், ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலையின் காபியும் ஒன்று. ஆனால் 2019இல் புவிசார் குறியீடு பெற்ற ஐந்து காபிகளான கூர்க், வயநாடு, சிக்மகளூர், அரக்கு, பாபாபுதன்கிரி வரிசையில் அது இல்லை. நாளைக்கு அந்தக் குறியீடு கிடைக்கலாம், கிடைக்கட்டும். மணம் இல்லாத தூளுக்கு முத்திரை குத்தி என்ன பயன்?

காபியைவிட நமக்கு அதிகம் கவலை தருவது சாமையும் கம்பும். மலையாளிப் பழங்குடி மக்களின் ஊர்களில் விளையும் சாமையை உமியோடு வைத்தால் ஆண்டுக்கணக்கில் இருக்கும். உமி நீக்கியதும் தவிட்டிலுள்ள கொழுப்பு காற்றைச் சந்திக்கிறது. கம்பு மாவு அரைத்த சில நாளிலேயே கசக்கும் என்பது எந்தப் பாட்டிக்கும் தெரியும். அதனால்தான் அன்றன்றைக்கு இடித்துக்கொண்டார்கள். இன்று மகளிர் சுயஉதவிக் குழுக்களிடம் 'மதிப்புக்கூட்டு' என்று சொல்லி, ஒரு சீலிங் மெஷினையும் ஒரு கட்டு பையையும் கொடுத்துச் சத்துமாவு, சிறுதானிய மாவு விற்கச் சொல்கிறோம். படம் போட்ட பை அழகாக இருக்கிறது. அந்தப் பை எவ்வளவு ஆக்சிஜனை விடும் என்று பயிற்சி வகுப்பில் யாரும் சொல்லித்தருவதில்லை. சிக்கு வாடை வந்து மாவு திரும்பி வரும்போது நஷ்டம் குழுவின் கணக்கில் எழுதப்படுகிறது, "அவங்க சுத்தமா செய்யல" என்ற பேச்சும் கூடவே. பை செய்த குற்றத்தை மாவு அரைத்த கை சுமக்கிறது.

பழங்களுக்கோ நேர்மாறான தேவை. கொய்யாவும் ஆரஞ்சும் பறித்த பின்னும் மூச்சு விடுகின்றன. காற்றே புகாத பையில் கட்டினால் புளித்துச் சாராய வாடை அடிக்கும். அவற்றுக்கு ஆக்சிஜன் அளவாக நுழையும் படலம் வேண்டும். அளவாக என்றால் எவ்வளவு என்பதற்கும் அதே கருவியிடம்தான் போக வேண்டும்.

இப்போது இந்த நிலைமையை இன்னும் அவசரமாக்கும் ஒன்று வந்திருக்கிறது. தமிழகத்தில் 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தித் தூக்கியெறியும் பல பிளாஸ்டிக் பொருள்களுக்குத் தடை உண்டு. பல அடுக்குப் பைகளை மறுசுழற்சி செய்ய முடிவதில்லை என்பதால் அவற்றைக் கைவிடச் சொல்லி ஒன்றிய அரசின் விதிகளும் ஆண்டுக்காண்டு நெருக்குகின்றன. மலைச்சரிவில் சிக்கிக் கிடக்கும் பைகளைப் பார்த்தவர் யாரும் இதை எதிர்க்க மாட்டார்கள், நாமும் எதிர்க்கவில்லை. ஆனால் மாற்றாக வந்து நிற்பவை என்ன? பழுப்புக் காகிதப் பை, நடுவில் உள்ளே தெரியும்படி ஒரு ஜன்னல். காகிதம் ஆக்சிஜனைத் தடுக்காது. உள்ளே ஒட்டியிருக்கும் மெல்லிய படலம் தடுத்தால் உண்டு. ஜன்னலில் அலுமினியப் பூச்சு இருக்க முடியாது. ஜிப் வைத்த பையில் ஜிப்பின் இரு முனைகளும் கசிவுக்குப் பெயர் போனவை. மக்கும் பிளாஸ்டிக், ஒரே வகைப் பிளாஸ்டிக் என்று வருபவற்றில் நல்லவையும் உண்டு, நல்லதுபோல் வேடம் போட்டவையும் உண்டு. கண்ணாடி புட்டிக்கும் தகர டப்பாவுக்கும் திரும்புவோம் என்பவர்கள் சொல்வது பாதி சரி. உடலில் ஆக்சிஜன் புகாது, மூடியில் புகும். எதற்கு மாறினாலும் மாறுவதற்கு முன் அளக்க வேண்டும். அளக்காமல் மாறினால் குப்பை குறையும், வீணாகும் உணவு கூடும்.

ஏற்காட்டிலிருந்து ஒரு பையை அளக்க அனுப்ப வேண்டுமானால் கதவுகள் இல்லாமல் இல்லை. மைசூருவில் மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிறுவனம் 1950 முதல் இருக்கிறது. 1966இல் மும்பையில் தொடங்கிய இந்தியப் பேக்கேஜிங் நிறுவனத்துக்குச் சென்னையில் மையம் உண்டு. பையை அனுப்பி, முடிவுக்குக் காத்திருந்து, வரும் தாளில் உள்ள எண்ணைத் தன் தூளுக்குப் பொருத்திப் பார்ப்பது இரண்டு ஏக்கர்க்காரருக்கும் பத்துப் பேர் கொண்ட மகளிர் குழுவுக்கும் ஆகிற காரியமா? ஏற்காட்டிலேயே தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகத்தின் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. செடிக்கு என்ன நோய் என்று கேட்க ஓர் இடம் இருப்பதுபோல, பொட்டலத்துக்கு என்ன நோய் என்று கேட்கவும் ஓர் இடம் வேண்டும். சேலத்தில் ஒரு பொதுச் சோதனைக் கூடம் வைத்தால் சேர்வராயன் மலைக்கு மட்டுமல்ல, கொல்லிமலைக்கும் கல்வராயன் மலைக்கும் சேலத்து மாம்பழக் கூழுக்கும் சேர்த்துப் பயன்படும். மாவட்ட நிர்வாகம் ஆண்டுதோறும் மே மாதத்தில் கோடை விழா நடத்துகிறது, மலர்க்கண்காட்சி வைக்கிறது. அந்தச் செலவில் ஒரு சிறு பங்கு போதும் என்று நாம் சொல்ல வரவில்லை. கருவி விலை கூடியதுதான். ஆனால் வாங்காமல் இருப்பதற்கும் ஒரு விலை உண்டு, அதை இப்போது மாவு விற்கும் பெண்கள் கட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

கூடம் வரும் வரை காத்திருக்கவும் தேவையில்லை. படல உருளை விற்கும் ஒவ்வொருவரும் ஆக்சிஜன் கடக்கும் அளவை, எந்த வெப்பத்தில், எந்த ஈரப்பதத்தில், எந்தச் செய்முறையில் எடுத்தது என்பதோடு எழுதித் தர வேண்டும் என்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் ஒரு விதி சேர்க்கலாம். 2018ஆம் ஆண்டுப் பேக்கேஜிங் விதிகள், பிளாஸ்டிக்கிலிருந்து உணவுக்குள் எவ்வளவு இறங்கலாம் என்பதற்குக் கிலோவுக்கு 60 மில்லிகிராம் என்று எல்லை வகுத்திருக்கின்றன. பையிலிருந்து உணவுக்கு வருவதை எண்ணுகிற நாம், வெளியிலிருந்து பைக்குள் போவதை எண்ணாமல் விட்டிருக்கிறோம். அரசு மானியத்தில் குழுக்களுக்குப் பை வாங்கும் ஒப்பந்தங்களில் மட்டுமாவது இந்த எண்ணை இந்த ஆண்டே கட்டாயமாக்க எந்தச் சட்டத் திருத்தமும் வேண்டாம். ஓர் அதிகாரியின் கையெழுத்து போதும்.

வாங்குபவரும் கொஞ்சம் பிடிவாதம் பிடிக்கலாம். ஓராண்டுத் தேதி போட்ட மெல்லிய ஜன்னல் பையைப் பார்த்தால், எப்போது வறுத்தது என்று கேட்கலாம். கொட்டையாக வாங்கி வீட்டில் அரைத்துக்கொள்ளலாம். ஒரு காலத்தில் கடைத்தெருவில் கண் முன்னே வறுத்து அரைத்து, காகிதப் பையில் சூடாகக் கட்டித் தந்த கால் கிலோவுக்கு எந்தத் தடுப்புப் படலமும் தேவைப்பட்டதில்லை. ஒரு வாரத்தில் தீர்ந்துவிடும். காலாவதித் தேதியும் அதில் இருந்ததில்லை.

நவம்பரில் செர்ரி பழுக்கத் தொடங்கும். அதற்கு முன்பே புதுப் பைகளுக்கு ஆர்டர் போய்விடும். பை அச்சடிப்பவர் கேட்கும் விவரங்களில் நீளம், அகலம், மைக்ரான், நிறம், ஜிப் உண்டா, வால்வு உண்டா, ஜன்னல் எங்கே என்று எல்லாம் இருக்கும். ஆக்சிஜனுக்கு ஒரு வரி சேர்த்துக்கொள்ளச் சொல்ல இன்னும் சில மாதங்கள் இருக்கின்றன.